காரணம் சொல்லாத செல்கள்

சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நுண்ணோக்கியின் முன் அமர்ந்தாள், எழுந்தாள், கையுறையைக் கழற்றினாள், கழற்றியதை வெறித்துப் பார்த்துவிட்டுப் புதியதொன்றை மாட்டினாள். நுண்ணோக்கியின் மேடையில் தட்டையான பிளாஸ்டிக் குடுவை. குடுவையின் அடியில், இளஞ்சிவப்புத் திரவத்துக்குள், அவளுடைய அக்காவின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் பாய் விரித்தாற்போல் பரவிக் கிடந்தன. சாக வேண்டியவை அவை, சாக மறுத்தன.

கணையத்தில் முளைத்த கட்டி. அறுவை மருத்துவர் வெட்டி எடுத்தார். எடுத்த பின்னும் கல்லீரலில் ஒரு புள்ளியாகத் தலைகாட்டியது. அந்தப் புள்ளியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கைப் பனிக்கட்டியில் வைத்து, மருத்துவமனையின் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்து ஆய்வகத்துக்குத் தன் கையாலேயே சுமந்து வந்தவள் சின்னவள். வளர்த்தவள் அவள், மருந்து ஊற்றியவள் அவள், 'இச்செல்கள் மருந்தை எதிர்க்கின்றன' என்ற அறிக்கையில் ஒப்பமிட்டவளும் அவள்தான்.

ஆய்வகத்தின் அன்றாட வேலையே அதுதான். நோயாளியின் கட்டியைக் குடுவையில் வளர்ப்பது. எந்த மருந்துக்கு மடிகிறது, எதற்கு மசியவில்லை என்று பார்ப்பது. பார்த்ததை மருத்துவருக்குச் சொல்வது. சொன்னதை மருத்துவர் நம்பினார். அக்கா பெரியவளின் வயிற்றை ஸ்கேன் எடுத்த படத்தில் அந்தப் புள்ளி வளரவுமில்லை, சுருங்கவுமில்லை. படம் பேசாத இடத்தில் அறிக்கை பேசியது. ஆகவே இப்போது ஏறிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாற்றுவதென்று மருத்துவர் நினைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கூடும் மருத்துவர் குழுவில் அது முடிவாகும்.

மாற்று மருந்து சாமானியமானதல்ல. புற்றைத் தாக்கும் வேகத்தில் நரம்பையும் கடிப்பது. கைவிரலும் கால்விரலும் மரத்துப்போகும், சிலருக்கு மரத்தது மரத்ததாகவே நின்றுவிடும். பெரியவளோ ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை மிதக்க விட்டு, ஊரார் பிள்ளைகளின் உயிரைக் காப்பவள். பாதம் உணராவிட்டால் அவளுக்குப் பிழைப்பில்லை. அதையும் சகிக்கலாம், உயிர் பெரிதென்று. ஆனால் இப்போதைய மருந்து உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்தால்? வேலை செய்கிற மருந்தைப் பிடுங்கிக்கொண்டு வேலையையும் பிடுங்கிக்கொண்டால்?

அந்தக் கேள்வி அவளுக்குள் ஏன் புகுந்தது என்றால், எதிர்ப்புக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எதிர்ப்பு என்பது மாயமல்ல, மந்திரமல்ல. செல் பிளவுபடுமுன் தன் மரபிழையை, அதாவது டி.என்.ஏ.வை, படியெடுக்கிறது. கண்ணி கண்ணியாகக் கோக்கிறது. இந்த மருந்து அந்தக் கண்ணிகளில் ஒன்றைப்போல வேடமிட்டு உள்ளே நுழைவது. கோத்தபின் சங்கிலி நீளாது. சங்கிலி நீளாத செல் சாகும். தப்பிக்க நினைக்கும் செல்லுக்குச் சில வழிகள் உண்டு. மருந்து நுழையும் வாசலை அடைக்கலாம். உள்ளே வந்த மருந்தை முடுக்கிவிடும் நொதியைத் தொலைத்துவிடலாம். வந்ததை வெளியே இறைக்கும் பம்புகளைப் பெருக்கிக்கொள்ளலாம். அறுந்த சங்கிலியை வேகவேகமாய் ஒட்டுப்போடலாம். அல்லது 'போதும், செத்துப்போ' என்று செல்லுக்கு உள்ளிருந்து வரும் கட்டளைக்கே காதைப் பொத்திக்கொள்ளலாம். புற்று எவ்வளவு பொல்லாததாயினும், இப்படி ஏதாவதொரு சுவட்டை விடாமல் தப்ப முடியாது.

பெரியவளின் செல்களில் வாசல் திறந்தே இருந்தது. நொதி இருந்தது, குறைவின்றி. பம்புகள் பெருகவில்லை. ஒட்டுப்போடும் வேலையும் வழக்கம்போலத்தான். சாவுக் கட்டளை கேட்கும் காதும் நன்றாகவே கேட்டது. வேறொரு மருந்தை ஊற்றியபோது அதே செல்கள் மளமளவென்று மடிந்தன. அப்புறம் இந்த மருந்துக்கு மட்டும் ஏன் இந்த வீறாப்பு? அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தாள் சின்னவள். அறிக்கைக்கு ஆமோதிப்பு இருந்தது, காரணம் இல்லை. காரணமில்லாத எதையும் நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற துறை அல்லவா அறிவியல்? தன் வீட்டுக்குள் மட்டும் அது கண்ணை மூடிக்கொள்ளலாமோ?

அன்று மாலை அக்கா வண்டியோடு மருத்துவமனை வாசலில் நின்றிருந்தாள். மருந்தேற்றிய களைப்பு முகத்தில் அப்பியிருந்தாலும் பயிற்சி வகுப்பை விடுவதாயில்லை. பின்னிருக்கையில் சின்னவள் ஏறிக்கொண்டாள். ஓட்டுநர் இருக்கையில் அத்தான். திருமணமாகி இத்தனை காலம் கழித்து, மனைவிக்கு உடம்புக்கு வந்த பின்புதான், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்ட வேண்டியிருக்குமே என்று ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சம்மதித்த மனிதர். தையல்கடைக்காரர், கையில் கத்தரிக்கோல் இருந்தால் சிங்கம், ஸ்டியரிங் இருந்தால் எலி.

"என்ன பம்பரம், இன்னிக்குச் சுத்தி முடிச்சாச்சா?" என்றார் அவர் கண்ணாடியில் பார்த்து. நின்ற இடத்தில் நிற்காத மச்சினிக்கு அவர் வைத்த பெயர் அது.

"பின்னாடி பாத்துப் பேசாதீங்க. முன்னாடி ரோடு இருக்கு," என்றாள் பெரியவள். "கிளட்சை மெதுவா விடுங்க. மெதுவான்னா தூங்கறதில்ல."

வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பினார்கள். அத்தானின் கழுத்தில் வியர்வை. மாமியார் வீட்டுக்கு முதன்முறை போனபோதுகூட இவருக்கு இப்படி வேர்க்கவில்லையென்று பெரியவள் சொல்லிச் சிரித்தாள்; சிரிப்பு முடியுமுன் இருமல் வந்து குறுக்கிட்டது. வெள்ளிக்கிழமையன்று என்ன சொல்வார்கள் என்று அத்தான் கேட்டார். மாற்றத்தான் சொல்வார்கள் என்று பெரியவள் சாவகாசமாகச் சொன்னாள். கால் மரத்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் அது வண்டி முழுக்கக் கேட்டது.

"சின்னவளே சோதிச்சுச் சொல்லியிருக்கா. அப்புறம் என்ன?" என்றாள் பெரியவள். "அவ கை தப்பு பண்ணாது."

சின்னவள் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். வண்டி வளைவில் திரும்பியபோது, தன்னை இங்கேயே இறக்கிவிடும்படிச் சொன்னாள். ஆய்வகத்துக்குத் திரும்ப நடந்தாள், நடை ஓட்டமானது.

அவள் செய்த சோதனை எளியது. எளியதாயிருந்ததால்தான் அதுவரை யாரும் செய்யவில்லை. செல்களை விட்டுவிட்டாள், அவை மிதந்த திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தாள். ஒரு செல்கூட ஒட்டிக்கொண்டு வராதபடி சுழலியில் சுற்றித் தெளியவைத்தாள். அந்தத் தெளிவில் மருந்தைக் கலந்து, உடம்பின் வெதுவெதுப்பில் வைத்துவிட்டுப் போனாள். அதைப்போலவே, புதிய போத்தலிலிருந்து எடுத்த, எந்தச் செல்லும் தீண்டாத திரவத்திலும் மருந்தைக் கலந்து பக்கத்தில் வைத்தாள். மறுநாள் இரண்டையும், உறைகலனிலிருந்து புதிதாய் எடுத்து வளர்த்த சாதாரணப் புற்றுச்செல்களின்மேல் ஊற்றினாள். மருந்து பட்டாலே சுருண்டு விழும் ஏழைப் பிராணிகள் அவை. எதிர்ப்பு என்றால் என்னவென்றே அறியாதவை.

புதிய திரவத்தில் ஊறியவை சொன்னபடி செத்தன. அக்காவின் குடுவைத் திரவத்தில் ஊறியவை ஒய்யாரமாய் உயிரோடிருந்தன.

செல்கள் எதிர்க்கவில்லை. அவற்றிடம் மருந்து போய்ச் சேரவேயில்லை. திரவத்துக்குள் இருந்த ஏதோ ஒன்று, மருந்தை வழியிலேயே மறித்து, கடித்து, செரித்து, வெறும் தண்ணீராக்கிவிட்டிருந்தது. குற்றவாளிக்கூண்டில் நிற்க வேண்டியவன் வேறு. அவள் தண்டித்தது வேறொருவனை.

மரபிழையில் மட்டும் ஒட்டிக்கொண்டு நீலமாய் ஒளிரும் சாயத்தைச் செல்களின்மேல் விட்டாள். அறையை இருட்டாக்கி நுண்ணோக்கியில் குனிந்தாள். செல்லுக்கொன்றாய் நீலக்கருக்கள், நிலாக்கள்போல. அவ்வளவுதான் தெரிந்திருக்க வேண்டும். கருக்களைச் சுற்றி, செல்லின் உடலெங்கும், யாரோ நீலப் பொடியைத் தூவினாற்போல் புள்ளிகள், புள்ளிகள், கணக்கில்லாப் புள்ளிகள். மைக்கோபிளாஸ்மா. கிருமிகளிலேயே கடைக்குட்டி, கண்ணுக்கு அகப்படாது, திரவத்தைக் கலங்கடிக்காது, நாற்றமடிக்காது. சத்தமில்லாமல் குடியேறி, செல்லின் சோற்றில் பங்கு கேட்டுக்கொண்டு, இந்த மருந்தைப்போன்ற பொருள்களை இனிப்பாய் விழுங்கிக்கொண்டு வாழும்.

எப்படி நுழைந்தது? அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஆய்வகத்தின் பெருமையைச் சொல்ல வேண்டும். துறைத்தலைவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது: தம் ஆய்வகத்தில் கலங்கி நாறிய குடுவையை எவனும் பார்த்ததில்லை. உண்மைதான். ஏனென்றால் செல்களுக்கு ஊட்டும் திரவத்தில் கிருமிக்கொல்லி எப்போதும் கலந்திருந்தது. கழுத்தில் தாயத்துக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வராதென்று நம்புகிறவனைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கும் படித்த கூட்டம், போத்தலில் கிருமிக்கொல்லியைக் கட்டிவிட்டுக் கண்ணயர்ந்தது. அந்தக் கொல்லி கிருமியின் சுவரை இடிப்பது. சுவரே இல்லாத கிருமியை எதைக்கொண்டு இடிக்கும்? ஆனால் கலங்கலில்லை, நாற்றமில்லை; ஆகவே சோதனை எதற்கு என்ற நிம்மதி. அந்த நிம்மதிதான் கேடு.

நிம்மதியின்மேல் மரியாதையும் சேர்ந்தது. தலைவர் ஒரு மாநாட்டிலிருந்து திரும்பியபோது, தம் நண்பரின் ஆய்வகம் அன்பளித்த அரிய செல்களின் குடுவையொன்றைக் கையோடு கொண்டு வந்தார். புதிதாய் வருகிற எந்தச் செல்லும், சோதித்து முடியும்வரை தனி அறையில், செல் வளர்க்கும் தனிப் பெட்டியில் இருக்க வேண்டுமென்பது உலகறிந்த விதி. தலைவர் அதைப் பொதுப் பெட்டியில் தாமே வைத்தார். பொதுப் போத்தலிலிருந்தே அதற்கும் ஊட்டினார்கள். ஒரே போத்தல், ஒவ்வொருவர் உறிஞ்சுகுழலும் அதற்குள் போய்வந்தது. நண்பர் வீட்டிலிருந்து வந்ததைச் சந்தேகிப்பது நண்பரையே சந்தேகிப்பது ஆகாதா? தலைவர் வைத்ததைத் தள்ளிவைப்பது தலைவரையே தள்ளிவைப்பது ஆகாதா? ஆராய்ச்சிக்கூடத்தில் அறிவு தலைகுனிந்து நின்றது. பணிவு தலைநிமிர்ந்து நடந்தது.

பக்கத்து மேசைக்காரருக்கு ஆய்வகத்தில் 'ஆமாம்சாமி' என்று பெயர். தலைவர் மழை என்றால் குடை தேடுவார். வெயில் என்றால் விசிறி தேடுவார். சின்னவள் அவரை இழுத்து வந்து நுண்ணோக்கியில் குனியச் சொன்னாள். அவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"போன மாசமே என் குடுவையில இதுமாதிரி ஏதோ பொடியைப் பார்த்தேன்."

"ஏன் சொல்லலை?"

"யாரு சொல்றது? எப்படிச் சொல்றது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாயம் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிறது சுலபமா இருந்துது."

அவரைத் திட்ட வாயெடுத்தாள், முடியவில்லை. தனக்கும் சுலபமாகத்தானே இருந்தது? காரணம் கிடைக்காதபோதே குடுவையைச் சந்தேகிக்காமல், அக்காவின் செல்லைச் சந்தேகித்தாளே. உறைகலனில் மீந்திருந்த அக்காவின் முதல் துணுக்கைத் தேடி எடுத்தார்கள், இருவருமாக. அதில் கிருமியின் மரபிழை இருக்கிறதா என்று சோதித்தார்கள். இல்லை. கட்டி சுத்தமாகத்தான் வந்திருந்தது. அழுக்குப் பட்டது ஆய்வகத்தில்.

தலைவரின் அறையில் அவள் நின்றபடியே சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் பதறாமல் கேட்டார். அந்த மனிதர் மூடரல்லர். திரவத்தைக் கொதிக்கவைத்துச் சோதித்தாயா என்று கேட்டார். கொதிக்கவைத்த திரவத்தில் மருந்து கெடாமலிருந்தது, செல்கள் செத்தன என்றாள். எத்தனை முறை என்று கேட்டார். திரும்பத் திரும்ப என்றாள். பிறகு கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்களுக்குள் என்ன ஓடிற்றென்று அவளுக்குத் தெரியும்: மாநாடு, நண்பர், குடுவை, பொதுப் பெட்டியைத் திறந்த தம் கை.

"இங்க பாரும்மா," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "உன் அக்காவோட அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கலாம். மாதிரி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். டாக்டர் பழைய மருந்தையே தொடருவாங்க. ஆய்வகத்தை மூடிக் கழுவி, எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிப்போம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை."

"மத்தவங்க அறிக்கை, சார்?"

"மத்தவங்களுக்கு மருந்து மாத்தி மாசக்கணக்காச்சு. இப்போ போய்ச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்களைக் கலக்கறதுதான் மிச்சம். நாளைக்கு எந்த டாக்டரும் நம்மகிட்ட ஒரு துணுக்குக்கூட அனுப்ப மாட்டான். இந்த ஆய்வகத்தால பிழைச்சவங்களும் இருக்காங்க. அதை நெனைச்சுப் பாரு."

அவர் சொன்னதில் வெளிப்படையான பொய்யில்லை, அதுதான் பயங்கரம். பொய் நேரடியாக வந்தால் கன்னத்தில் அறைந்து விரட்டிவிடலாம். அது நியாயத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரும்போதுதான் நம் கால் தடுமாறுகிறது. அவள் கேட்க வந்தது அவர் கையிலிருந்தது: அக்காவுக்கு மருந்து, அக்காவுக்குப் பாதம், அக்காவுக்கு வாழ்வு. கைநீட்டினால் போதும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் வெளியே வந்தாள். படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

பெரியவளிடம் எல்லாவற்றையும் சொன்னது வண்டிக்குள்தான். பயிற்சி முடிந்து, மாணவர் போய், வண்டி நிழலில் நின்றிருந்தது. சின்னவள் விஷயத்தைக் கொட்டித் தீர்த்தபோது பெரியவள் குறுக்கே பேசவில்லை. பேசியபோது அவள் குரலில் இருந்தது நிம்மதியல்ல, கோபம்.

"போன வாரம் எதிர்க்குதுன்னே. இந்த வாரம் எதிர்க்கலேங்கறே. அடுத்த வாரம் என்ன சொல்லப்போறே?"

"எதிர்க்கலேன்னு சொல்லலைக்கா. தெரியலைன்னு சொல்றேன். நான் செஞ்ச சோதனை செல்லாது. அவ்வளவுதான் தெரியும்."

"இதைச் சொல்லவா இவ்வளவு படிச்சே?"

பெரியவள் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள், சரியாயிருந்ததைத்தான். மற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். சின்னவள் சொன்னாள். அதில் ஒருவர் மருந்தேற்றும் அறையில் தன் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவராயிருக்கக் கூடுமோ என்று பெரியவள் கேட்டாள். கூடும் என்றாள் சின்னவள். அந்தப் பக்கத்து நாற்காலிப் பெண் ஓயாமல் தன் மருமகளைக் குறை சொல்வாள் என்றும், போன மாதத்திலிருந்து மருந்து மாறி விரல் மரத்து, ஊசியில் நூல் கோக்க முடியவில்லையென்று அழுதாளென்றும் பெரியவள் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

தலைவர் என்ன சொன்னார் என்று அதன்பின் கேட்டாள். சின்னவள் மறைக்கவில்லை.

"அப்போ எனக்கு மட்டும் சரி பண்ணித் தருவாங்களா?"

"ஆமா."

"உனக்கு அது போதுமா?"

"எனக்கு நீ வேணும்," என்றாள் சின்னவள். சொன்ன மாத்திரத்தில் அழுதுவிட்டாள், அழுகையோடேயே சொன்னாள்: "அதனாலதான் என்னால சரியா யோசிக்க முடியலை."

பெரியவள் அவளைத் தேற்றவில்லை. அவள் தேற்றுகிற வகையைச் சேர்ந்தவளல்ல. சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாள். அழுது முடித்துவிட்டு, எங்கே இறங்க வேண்டுமென்று சொல் என்றாள். "நான் உனக்காக முடிவு சொல்ல முடியாதுடி. என் அறிக்கையை மாத்தினா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எனக்குச் சாகப் பயமா இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன செய்யணுமோ செய்."

இதைவிட நேர்மையான வாக்கியத்தைச் சின்னவள் எந்த மேடையிலும் கேட்டதில்லை. தியாகம் செய் என்று அக்கா சொல்லியிருந்தால் சுலபமாயிருந்திருக்கும்; பொறுப்பில் பாதி அக்காவின் தலையில் ஏறியிருக்கும். இப்போது முழுதும் இவள் தலையில்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் நீள மேசை. ஒருபுறம் மருத்துவர்கள், மறுபுறம் ஆய்வகத்தார். சுவரில் பெரியவளின் வயிற்றுப் படம். அவளுக்கு மருத்துவம் பார்க்கும் அம்மையார் வழக்கை எடுத்துரைத்தார்: கட்டி நின்ற நிலையிலேயே நிற்கிறது, ஆய்வக அறிக்கையின்படி எதிர்ப்பு உறுதி, எனவே மாற்றம். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ஒரு மாதிரியைக் குறித்து ஆய்வகத்துக்குச் சில ஐயங்கள் எழுந்துள்ளன, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார். வார்த்தைகள் வழவழப்பாக இறங்கின. மருத்துவர் பேனாவால் எதையோ அடித்தார். முடிந்தது. அக்கா பிழைத்தாள், குறைந்தபட்சம், அக்காவின் மருந்து பிழைத்தது. அடுத்த படம் சுவரில் ஏறிற்று.

சின்னவள் எழுந்தாள். அவள் எழுவதைத் தலைவர் பார்த்தார். உட்கார் என்று கண்ணால்கூடச் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"ஒரு மாதிரி மட்டும் இல்லை," என்றாள். "எங்க பெட்டியிலே இருந்த எல்லாக் குடுவையிலும் தொத்து இருக்கு. மருந்தைத் தின்னுற கிருமி. வெளியிலேருந்து ஒரு குடுவை வந்த நாள்லேருந்து, இந்த மருந்துக்கு எதிர்ப்புன்னு நாங்க கொடுத்த எந்த அறிக்கையும் செல்லாது. அதை நம்பி யாருக்கெல்லாம் மருந்தை மாத்தினீங்களோ, தயவுசெஞ்சு திரும்பப் பாருங்க."

ஒரு மருத்துவர் மெல்லச் சிரித்தார். கேலியல்ல, தாங்க முடியாததைக் கேட்டவரின் சிரிப்பு. பெரியவளின் மருத்துவர் கேட்டார்: "இது உங்க அக்காவோட கேஸ் முடிஞ்ச பிறகு ஞாபகம் வந்ததா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. ஆம், அவள் காத்திருந்தாள். அக்காவின் பெயருக்கு நேரே பேனா ஓடும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதை அவளும் அறிவாள், இப்போது அறையும் அறிந்தது.

"இல்லை," என்றாள். "அதுவரைக்கும் தைரியம் வரலை."

மருத்துவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். செல்பேசியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்; அவரைத் தொடர்ந்து இன்னொருவர். தலைவர் தம் முன்னிருந்த தண்ணீர்க் குவளையைத் தள்ளிவைத்தார். அதுவரை அவர் முகத்தில் இல்லாத முதுமையோடு, மேசைக்குச் சொல்வதுபோலச் சொன்னார், அந்தக் குடுவையைக் கொண்டுவந்தவர் யாரென்று கேட்பார்கள், தம் பெயரைச் சொல்லலாம் என்று. அதற்குள் மேசை பாதி காலியாகியிருந்தது. கேட்டவர்கள் சிலரே.

ஆய்வகம் மூடப்பட்டது. குடுவைகளில் வெளுப்புத் திரவம் ஊற்றப்பட்டது. இளஞ்சிவப்பு வெளிறி மஞ்சளாகி, மஞ்சள் வெளிறி ஒன்றுமில்லாமலாயிற்று. ஆமாம்சாமி முழங்கைவரை கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் தேய்த்தார். வேலை இருக்குமா, போகுமா என்று இருவருக்கும் தெரியாது. கேட்கத் துணிந்தவரும் இல்லை.

பெரியவளுக்குப் பழைய மருந்தே ஏறத் தொடங்கிற்று. இன்னும் சில சுற்று ஏற்றிவிட்டு மறுபடி படம் எடுப்போம். சுருங்கியிருந்தால் தொடர்வோம், வளர்ந்திருந்தால் மாற்றுவோம். மருத்துவர் இவ்வளவுதான் சொன்னார். இதற்குமேல் சொல்ல யாருக்கும் எதுவும் தெரியாது. மருந்தேற்றும் அறையில் பெரியவள் சாய்நாற்காலியில் கிடந்தாள். பக்கத்து நாற்காலி காலியாயிருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று செவிலியிடம் கேட்டதற்கு, மருத்துவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. அத்தான் கீழே வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்; தானே ஓட்டிவந்தாராம், ஒரேயொரு கம்பத்தை மட்டும் உரசினாராம்.

சின்னவள் சொட்டும் மருந்தையே பார்த்தாள். ஒவ்வொரு சொட்டும் வேடமிட்ட கண்ணி. இந்த உடலுக்குள் அது எங்கே போகிறது? வாசல் திறந்திருக்கிறதா? கட்டளை கேட்கும் காது கேட்கிறதா? குடுவை சொல்லாததை உடல் சொல்லும். ஆனால் உடல் மெல்லச் சொல்லும்.

அவளது செல்பேசி அதிர்ந்தது. அறிமுகமில்லாத எண். வெளியே தாழ்வாரத்துக்கு வந்து எடுத்தாள். ஒரு பெண் குரல், இளையது, தூங்காதது. தன் அப்பாவின் மருத்துவர்தான் இந்த எண்ணைக் கொடுத்தார் என்றது. அப்பாவுக்குக் கால் இரண்டும் மரத்துவிட்டது, தடுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார் என்றது. அதையெல்லாம் அந்தக் குரல் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வதுபோலச் சொன்னது.

"முதல் மருந்து வேலை செய்யலைன்னு சொன்னது நீங்களா?"

சின்னவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா கண்மூடிக் கிடந்தாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றாள். "தப்பாச் சொல்லிட்டேன். எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க, நேர்ல வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. சின்னவள் வைத்துவிடாமல் காத்திருந்தாள்.